இருதயம் என்று எழுதப்பட்ட ஈரல்

மார்ச் நான்காம் திகதியிட்ட கடிதம் இப்படித் தொடங்குகிறது: “உங்கள் பெறுமதியான பங்களிப்புக்கு நன்றி.” பங்களிப்பு என்பது, முந்தைய வாரம் நான் சிறு பிளாஸ்டிக் போத்தலில் அடைத்துத் தபாலில் அனுப்பிய என் மலம். ஊர்ப் பத்திரிகைகளுக்கு இத்தனை வருடங்களாக அனுப்பிய கட்டுரைகளில் ஒன்றுக்குக்கூட இந்த மரியாதை கிடைத்ததில்லை.

நோர்வேயில் குடலைப் பற்றி யாரும் கூச்சப்படுவதில்லை. கடிதம் எழுதிய ஆய்வாளர் இங்ரிட், கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே என் இரத்தப்போக்கின் நிறத்தை விசாரிப்பார். குடல் அழற்சி உள்ளவர்களில் சிலருக்கு ஈரலின் பித்தக்குழாய்களும் இறுகிப்போவது ஏன் என்பதே அவருடைய ஆராய்ச்சி. எனக்கு இரண்டும் உண்டு. குடும்பத்தில் தொடரக்கூடிய நோய் என்பதால், தந்தை எதனால் இறந்தார் என்று படிவத்தில் கேட்டிருந்தார்.

“குடும்பத்தின்படி மாரடைப்பு. என் குறிப்புக் கொப்பியின்படி மஞ்சள்” என்றேன்.

“சகோதரியிடம் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.”

நான் சிரித்தேன். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, ‘கேட்பார்’ என்று குறித்துக்கொண்டார்.

வாப்பா இலங்கையில் மாத்தளைக்கு அருகே பலாபத்வலயில் மிளகும் கராம்பும் வாங்கி விற்றவர். பதின்மூன்று வயதில் நான் எழுதிய கொப்பியில் இப்படி இருக்கிறது: ‘திங்கள். மழை. வாப்பாவின் கண் மஞ்சள். ராத்தா டோர்ச் அடித்துப் பார்த்தார்.’ இங்ரிட் சொன்ன சகோதரி இந்த ராத்தாதான். பத்தாம் நாள் ஜனாஸா. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், கத்தம் ஓதிச் சோறு பரிமாறி முடிவதற்குள் வாப்பா இருதய நோயாளியாகிவிட்டார். எங்கள் ஊரில் இருதயம் கௌரவமான உறுப்பு. கவலைப்பட்டவர்களுக்கும் நல்லவர்களுக்கும் அது நின்றுபோகும். ஈரல் குடிகாரர்களுக்குச் சொந்தமானது. வாழ்நாளில் சாராயத்தை முகர்ந்தும் பார்க்காத மனிதருக்கு அதில் பங்கு கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இங்ரிடின் படிவத்துக்காக மட்டும் என்றால் நான் ராத்தாவைத் தொந்தரவு செய்திருக்கமாட்டேன். ராத்தாவின் மகள் சுமையாவுக்கு ஐந்து மாதமாக மலத்தோடு இரத்தம் போகிறது, உடம்பெல்லாம் அரிப்பு. ராத்தா அதைச் சூடு என்று முடிவுசெய்து ஊறவைத்த வெந்தயம் கொடுத்துவந்தார். எனக்கும் அரிப்பில்தான் தொடங்கியது. ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“வாப்பாவுக்கு ஹார்ட்தான். ஊரெல்லாம் அப்படித்தான் தெரியும்” என்றார் ராத்தா.

“ஊருக்கு நோய் இல்ல ராத்தா. புள்ளைக்குத்தான் வருத்தம்.”

“கலேவெலயில மாப்புள பேசிக்கிட்டு இருக்கிற நேரம். ஈரல்னு வாயத் தொறந்தா, பொண்ணோட மூத்தாப்பா குடிச்சே மவுத்தானாராம்னு சொல்லுவாங்க. நீ அங்க இருந்துக்கிட்டு என்ன வேணும்னாலும் எழுது. நாங்க இங்க சீவிக்கணும்.”

மறுநாள் சுமையாவின் குரல்பதிவு வந்தது. “மாமா, நீங்க போன வச்ச கையோட உம்மா என்னைய வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் இமையை இழுத்து டோர்ச் அடிச்சிப் பாத்தாங்க. எதுக்குன்னு கேட்டா, தூசி இருக்கான்னு பாத்தேன்கிறாங்க. ரெண்டு கண்ணுலயுமா மாமா தூசி விழும்?”

ராத்தாவிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே வாக்குமூலம் அதுதான்.

அடுத்த புதன்கிழமை இருவரும் இரத்தம் சோதிக்கத் தம்புள்ளைக்குப் போனார்கள். மாத்தளையில் எடுத்தால் யாராவது பார்த்துவிடுவார்களாம். மரக்கறி மலிவு என்று அயலில் சொல்லிவிட்டுப் போனதால், பொய்க்குச் சாட்சியாகப் பத்துக் கிலோ கோவா சுமந்து திரும்பினார்கள். ஒரு வாரம் வீட்டில் கோவாதான். அறிக்கையில் ஈரல் நொதிகளின் அளவுகள் கூடியிருந்தன. இனிக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும். அதற்கும் ராத்தா சம்மதித்துவிட்டார். கண்டிக்குச் சாரி எடுக்கப் போகிறார்களாம்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இங்ரிடின் படிவத்தை மேசையில் விரித்து, தந்தையின் மரண காரணம் என்ற இடத்தில், ‘ஈரல் நோயாக இருக்கலாம், இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தொலைபேசி அதிர்ந்தது. அன்று வாப்பாவின் வருடக் கத்தம். ‘மாரடைப்பால் வபாத்தான எங்கள் வாப்பாவுக்காக துஆ செய்யுங்கள்’ என்று ராத்தா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். வலது கையில் பிடித்த பேனையைக் கீழே வைக்காமலே, இடது கைப் பெருவிரலால் ஆமீன் என்று அனுப்பினேன்.