ஏழு நிமிஷம் பேசாதீங்கப்பா

ராத்திரியில ஊரைப் படம் பிடிக்கிற வேலைக்கு நல்ல கேமரா இருந்தா மட்டும் போதாது, "இங்க இன்னா பண்ற"ன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்ல தனியா ஒரு ஆளையும் கூட்டிகினு போகணும். எனக்கு அந்த ஆள் இல்ல. நானே எடுக்கணும், நானே பதிலும் சொல்லணும்.

பகல்ல வண்ணாரப்பேட்டையில ஒரு ஸ்டுடியோவுல கல்யாண வீடியோ எடிட் பண்றேன். ராத்திரி ஸ்கூட்டர்ல ட்ரைபாடைக் கட்டிகினு ராயபுரம், எண்ணூர்னு அலையறேன். என் படத்துல கதை கிடையாது, பாட்டு கிடையாது, ஆளும் கிடையாது. ஊர் மட்டும்தான் இருக்கும். மூணு வருஷமா சீண்ட நாதியில்ல. இப்பதான் குறும்படம் போட்டுக் காட்டற ஒரு சின்னக் குழு சரின்னு சொல்லிச்சு. ஆனா ஏழு நிமிஷம் வெட்டே இல்லாம ஒரே ஷாட்டா இருக்கணும், அந்த இடத்துச் சத்தம் இருக்கலாம், மனுஷக் குரல் மட்டும் கூடவே கூடாது. மாசக் கடைசிக்குள்ள அனுப்பலைன்னா என் இடத்துல வேற ஒருத்தர் படத்தைப் போட்டுடுவாங்க. வட சென்னையில ஏழு நிமிஷம் யாரும் பேசாத ஒரு இடம் வேணுமாம். இந்த மாதிரி வேலையில மாட்டிகினு முழிக்கிற உங்களுக்குத்தான் என் வயித்தெரிச்சல் புரியும்.

பேட்டரி

ராயபுரம் மீன்பிடித் துறைமுகம், விடியறதுக்கு ரொம்ப முன்னாடி. கட்டிப்போட்ட விசைப்படகுங்க அலையில ஒண்ணோட ஒண்ணு உரசிக்கும். அந்த மரச் சத்தம்தான் எனக்கு வேணும். ஐஸ் ஏத்தற ஒரு அண்ணன் என் பின்னாடி வந்து நின்னாரு. விஷயத்தைச் சொன்னேன். வாயே திறக்க மாட்டேன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரு.

நாலு நிமிஷம் சொன்ன சொல்லைக் காப்பாத்தவும் செஞ்சாரு, பாவம். ஸ்கிரீனையே பார்த்துகினு இருந்தவருக்கு அதுக்கு மேல தாங்கல. என் மேல இருந்த அக்கறையிலதான், மைக் பக்கத்துல குனிஞ்சு, மெதுவாத்தான் கேட்டாரு: "ஏம்மா, ரொம்ப நேரமா ஒண்ணுமே வரலியே, பேட்டரி போட்டுகீறியா?"

வெளிச்சம்

எண்ணூர் ரோட்டுல, துறைமுகத்துக்குள்ள போறதுக்காக கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிக்கும். லைட்டெல்லாம் அணைச்சுட்டு டிரைவருங்க தூங்கிடுவாங்க. இருட்டுல பெட்டி பெட்டியா இருட்டு. இதை விட்டா வேற இடம் இல்லன்னு ட்ரைபாடை ஊனினேன். மூணாவது நிமிஷம் முதல் லாரி ஹெட்லைட் எரிஞ்சுது. அது பத்தாதுன்னு அந்த லாரி டிரைவர் ஹாரன் அடிச்சுப் பின்னாடி இருந்தவரை எழுப்பினாரு. அவர் அவருக்குப் பின்னாடி இருந்தவரை. கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் ரோடு கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்குது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

சண்டை போடத்தான் போனேன். தூத்துக்குடிப் பக்கமாம் அவருக்கு. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து அப்படியொரு சிரிப்பு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவரே சொல்லிட்டாரு: "பொம்பளப்புள்ள இருட்டுக்குள்ள ஒத்தையில கஷ்டப்படுதேன்னு மனசு கேக்கல தாயி, இப்ப எடு, பளிச்சுன்னு விழும்."

மாப்பிள்ளை

சடையங்குப்பத்துல மழைத் தண்ணி வடியாம நின்னுச்சு. மணலிப் பக்கம் கம்பெனிக் குழாய் உச்சியில எரியற தீ அந்தத் தண்ணிக்குள்ள ஆடிகினு இருந்துச்சு. தவளைங்களைத் தவிர ஈ காக்கா இல்ல. ஆறு நிமிஷம் தாண்டிடுச்சு, மூச்சு விடவும் பயந்துகினு நிக்கறேன், என் போன் அடிக்குது. அதை அணைக்க மறந்த புத்தியைச் செருப்பால அடிக்கணும். கூப்பிட்டது எங்க ஸ்டுடியோ ஓனர். யாரோட சீமந்த வீடியோவோ எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு அந்த நேரத்துல தெரிஞ்சாகணுமாம்.

எதைக் கெடுத்தாருன்னு அவருக்குத் தெரியட்டும்னு, மறுநாள் உக்கார வச்சு அந்த ஆறு நிமிஷத்தையும் போட்டுக் காட்டினேன். கண் இமைக்காம பார்த்தாரு மனுஷன். எனக்கே கொஞ்சம் கோவம் இறங்கிடுச்சு. முடிஞ்சதும் கேட்டாரு: "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா, மாப்பிள்ள எப்ப வருவாரு?"

எடுக்க வந்தவ

மாசம் முடிய ஒரு ராத்திரிதான் பாக்கி. முகத்துவாரக்குப்பத்துக்குப் போனேன். ஆறு கடல்ல சேர்ற இடம், அக்கரையில அனல்மின் நிலையத்து விளக்குங்க. மணல்ல ட்ரைபாடை நல்லா அழுத்தி ஊனினேன். டார்ச் லைட்டோட ஒரு அக்கா வந்தாங்க, மீன் விக்கறவங்க. இன்னா பண்றேன்னு கேட்டாங்க. நானும் உள்ளதைத்தான் சொன்னேன். முகத்துவாரத்தை எடுக்க வந்திருக்கேன்க்கா, ஆளுங்க யாரும் இல்லாம எடுக்கணும், ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டா நல்லா இருக்கும்.

சொல்லி முடிச்சப்புறம்தான் என் காதுலயே அது விழுது. மூணு கால் ஸ்டாண்டு மேல எதையோ வச்சுகினு, இடத்தை எடுக்க வந்திருக்கேன், ஆளுங்க இருக்கக் கூடாதுன்னு அந்தக் குப்பத்துல வந்து சொல்றவ யாரா இருப்பா? நிலத்தை அளக்க வந்தவதான். அக்கா சத்தம் போடல. வூடு வூடா போய்க் கதவைத் தட்டினாங்க. நாப்பது பேராவது வந்திருப்பாங்க. இது நிலம் எடுக்கறது இல்ல, படம் எடுக்கறதுன்னு பழைய வீடியோவெல்லாம் காட்டி எனக்கு நாக்கே வறண்டுடுச்சு. எடுக்க வர்றவங்க எல்லாருமே நல்லா இருக்கும்னுதான் சொல்லிகினு வர்றாங்கன்னு அக்கா சொன்னாங்க. கடைசியா, எடுத்துக்கோ, நாங்க பார்த்துகினே நிப்போம்னு சொல்லிட்டாங்க.

நின்னாங்க. ஸ்கிரீன்ல கோடு வருதா, நம்பர் வருதான்னு அத்தனை பேரும் பார்த்துகினு நின்னாங்க. ஒருத்தர் கூட இருமல. தோள்ல இருந்த குழந்தை கூட அழல. ஏழு நிமிஷமும் முழுசா கிடைச்சுது. எனக்குச் சந்தோஷமே வரல, கூச்சமாத்தான் இருந்துச்சு. நான் ட்ரைபாடைப் பிடுங்கினதும், மணல்ல இருந்த மூணு குழியையும் அக்கா கால்லயே தள்ளி மூடினாங்க. மூடிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாங்க: "எட்த்துட்ட இல்ல, எங்க எடத்த இருந்த எடத்துலயே வச்சிட்டுக் கெளம்புமே."

போன வாரம் படத்தைப் போட்டாங்க, பார்த்தவங்க எல்லாரும் அந்த அமைதி எப்படிக் கிடைச்சுதுன்னுதான் கேக்கறாங்க, அது நாப்பது பேரு என்னை நம்பாம நின்ன அமைதின்னு நான் எந்த வாயால சொல்றது.