படகில் கண்ட பிடரிகள்

படகில் ஏறினால் கடைசி வரிசையில்தான் உட்காருவார். மற்றவர்கள் ஆற்றையும் பாலத்தையும் வாய் பிளந்து பார்க்க, அவர் முன்னால் இருப்பவர்களின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊரில் சலூன் வைத்திருப்பவர். மகளைப் பார்க்கக் கடல் தாண்டி வந்திருக்கிறார். "மூஞ்சி பொய் சொல்லும், பிடரி சொல்லாது" என்பது அவர் கட்சி.

"ஊர் எப்படிப்பா இருக்கு?" என்று மகள் முதல் நாளே கேட்டாள்.

"ஆறு சத்தமே போடாம ஓடுது. மத்தபடி..." என்று இழுத்தவர் மருமகனைப் பார்த்தார். "இங்க முடி வெட்டுறது யாரு மாப்ளே?"

"என் வழுக்கையப் பாத்துமா மாமா இந்தக் கேள்வி!"

விஷயம் இதுதான். அவரும், சலூனில் கூடவே முடி வெட்டிய அவர் அண்ணனும் இடக்கைக்காரர்கள். பிடரி முடியை நேர்கோடாக முடிக்காமல் இடது காதுப் பக்கம் நூலளவு ஏற்றிவிடுவது அண்ணன் செய்த குறும்பு. "நம்ம வீட்டு முத்திரைடா" என்பார். ஒருநாள் குளிக்க ஆற்றுக்குப் போனவர்தான். துண்டு மட்டும் கரையில் கிடந்தது. அண்ணி இன்றைக்கும் அவருக்குத் தட்டு வைக்கிறாள். விமானம் ஏறப்போன இவரிடம்கூட, "எங்கயாவது கண்ணுல பட்டா விட்டுடாதீங்க தம்பி" என்றாள்.

இந்தப் படகிலோ கிழவர் முதல் குழந்தை வரை எல்லாப் பிடரியும் இடப்பக்கம் நூலளவு ஏறியிருந்தது. எல்லாம் இப்போதுதான் வெட்டியதுபோல். எல்லாம் ஈரமாக.

"பெரியப்பா இருந்தா இந்த வயசுக்குக் கை நடுங்காதாப்பா?" என்றாள் கூட வந்த மகள், அவர் காட்டிய பிடரிகளைப் பார்த்துவிட்டு.

"கோடு நடுங்கலையே."

டிக்கெட் கிழிப்பவனிடம் இரண்டு விரலைக் கத்தரிக்கோலாக்கிக் காட்டினார். அவன் சிரிக்காமல் எதிர்க்கரையைக் காட்டினான்.

"அப்பா, அங்க பழைய கிடங்குதான். நான் வரமாட்டேன்!"

"நீ இங்கயே நில்லு. தலையக் குடுத்துட்டு வந்துடறேன்."

எதிர்க்கரையில் கிடங்கின் படியிறங்கினால் ஒரே அறை. ஒரு நாற்காலி, ஆவி படிந்த முகக்கண்ணாடி, ஆளில்லை. உட்கார்ந்தார். பின்னாலிருந்து துணி வந்து கழுத்தைச் சுற்றிக்கொண்டது. கத்தரிக்கோல் இடப்பக்கமிருந்து பேசத் தொடங்கியது.

"வீட்டுக்கு வாண்ணே" என்றார்.

கத்தரிக்கோல் நின்றது. சில்லென்று ஒரு சொட்டுத் தண்ணீர் அவர் முதுகில் வழிந்தது. பிறகு மறுபடியும் கறுக், கறுக்.

ஒரு துடை துடைத்தால் கண்ணாடியில் பின்னால் நிற்பவரின் முகம் தெரிந்துவிடும். துணிக்குள்ளிருந்து கையை எடுத்தார், கண்ணாடிவரை கொண்டுபோனார். அப்புறம் அந்தக் கையை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வெட்டுபவருக்கு வாகாகத் தலையைக் குனிந்து கொடுத்தார்.