பெட்டியில் இருந்த ஐந்தாவது சத்தம்

செய்தி வந்தபோது நான் களம்பூர் சாலையில் மைக்கை நீட்டியபடி நின்றிருந்தேன். நெல் லாரி ஒன்று கடந்துகொண்டிருந்தது. "கலைவாணி மேடம் போயிட்டாங்க சார். மாரடைப்பாம்," என்றார் கல்லூரி அலுவலகத்தில் இருந்து பேசியவர். "எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். அந்த அசட்டுக் கேள்வி லாரிச் சத்தத்தோடு பதிவாகியிருக்கிறது. அதை வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்று இன்னும் தெரியவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தப் பெட்டியையும் தெரிந்திருக்கும். ஆரணியில் எங்கள் பாலிடெக்னிக் ஆய்வகத்து ஜன்னலுக்குக் கீழேதான் பள்ளிக்கூட வளைவு. அங்கே திரும்பும் பிள்ளைகளுக்கு எதிரே லாரி வருவது தெரியாது. கேமரா வைக்க யாரிடமும் வசதியில்லை. மலிவான மைக், உள்ளங்கை அகல சர்க்யூட் போர்டு, பழைய டிபன் பாக்ஸ் ஆகியவற்றை வைத்தே, சத்தத்தைக் கேட்டு வண்டியைச் சொல்லும் பெட்டியைச் செய்தார் மேடம். லாரி என்றால் வளைவில் சிவப்பு விளக்கு எரியும். "காது போதும் சார், கண்ணு எதுக்கு? ஆனா உங்க காது வேணாம். உங்களுக்கு ஆட்டோவும் மொபெட்டும் ஒன்னு," என்பார்.

சோதனை செய்த ஓர் அமாவாசையன்று பெட்டி சதி செய்தது. லாரிகள் போய்க்கொண்டேயிருந்தன, விளக்கு எரியவில்லை. நான் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். மேடம் திடீரென்று சிரித்தார். லாரிச் சத்தங்களை எல்லாம் அவர் தன் வீட்டு வாசலில் பதிவு செய்திருந்தார். தெரு முழுக்க விசைத்தறி. மற்ற நாள்களில் எங்கள் வளைவிலும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். "லாரின்னா தறி சத்தத்தோடதான் வரும்னு கத்துகினு இருக்குது சார். இன்னிக்கி அமாவாசை, தறி லீவு, அதான் பேஜார் ஆயிடுச்சு." அதன் பிறகுதான் நாங்கள் தறியே இல்லாத களம்பூர் சாலைக்குப் போய்ப் பதிவு செய்ய ஆரம்பித்தோம்.

அந்த போர்டில் ஐந்து சத்தங்களுக்குத்தான் இடம். லாரி, பஸ், ஆட்டோ, பைக் போக, ஐந்தாவதாகத் தன் மொபெட்டையே வைத்தார். அவர் வளைவில் திரும்பினால் ஆய்வகத்தில் பச்சை விளக்கு எரியும். "நான் வந்துகினு இருக்கேன்னு அதுவே சொல்லும். டீ ஊத்தி வைங்க."

அவர் போனபின் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்கள் வந்து, கரும்பு டிராக்டருக்கும் விளக்கு எரிய வேண்டும் என்றார்கள். நியாயம்தான். ஆனால் டிராக்டர் உள்ளே வர மொபெட் வெளியே போக வேண்டும். நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிப்போட்டேன்.

போன வாரம் பச்சை விளக்கு எரிந்தது. நான் எழுந்து டீ ஊற்றினேன். ஊற்றிய பிறகுதான் மேடம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வாசலில் அவருடைய கணவர் நின்றிருந்தார், மேடத்தின் பொருள்களை எடுத்துப்போக. "சும்மா நின்னா வண்டி கெட்டுடும்னு ஓட்டியாந்தேங்க," என்றவர் கிளாஸைப் பார்த்து, "யாருக்கு சார்?" என்றார்.

"உங்களுக்குதாங்க."

குடித்தார். பெட்டி சொன்னது தப்பில்லை, வந்தது மேடத்தின் வண்டிதான். நான் செய்தது தப்பா என்று தெரியவில்லை.

அவர் கிளம்பியபோது நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். பஸ், இரண்டு பைக், ஓர் ஆட்டோ என்று சாலை இரைந்தது. அத்தனைக்கும் நடுவே அந்த மொபெட் வளைவு தாண்டும்வரை தனியாகக் கேட்டது. விளக்கை நான் பார்க்கவேயில்லை.

அன்று மாலையே பெட்டியில் மொபெட் சத்தத்தை அழித்துவிட்டு டிராக்டரைப் போட்டேன். என் காதைக் குறை சொன்னீர்களே மேடம், அந்த ஒரு சத்தத்துக்கு எனக்கு இனி பெட்டி வேண்டாம்.