கூண்டு வாசலில் ஒரு செருமல்

எந்த அறைக்குள் நுழைவதற்கு முன்பும் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமுவார். பிளம்பர் வேலையில் வந்த பழக்கம் அது. குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிடுவார்கள். குளியலறையில் யார் இருக்கிறார்கள், எந்தக் கோலத்தில் இருக்கிறார்கள் என்று தெரியாது. செருமினால் உள்ளே இருப்பவர்கள் சுதாரித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஆனாலும் சமையலறைக்கு வரும்போதும் செருமுவார். “நான் என்ன, அடுத்த வீட்டுக்காரியா?” என்று கேட்டிருக்கிறேன். “தெரிஞ்சா செய்யறேன்?” என்பார்.

முதுகு பிடித்துக்கொண்டு தொழிலை விட்ட பிறகு, ஊருக்கு வெளியே இருக்கும் பறவைகள் காப்பகத்தில் குளத்து மோட்டாரைப் பார்க்கப் போனார். போனவர் அங்கேயே ஒட்டிக்கொண்டார். சம்பளம் கிடையாது. கூண்டு கழுவுவார், அடிபட்ட பறவைகளுக்கு மீன் நறுக்குவார். துணைக்குப் போன நான் துண்டுகளைத் துவைப்பேன். யாரோடும் பேசவேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு மழைக்காற்றில் கூட்டிலிருந்து விழுந்த நாரைக்குஞ்சை யாரோ அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார்கள். காப்பகத்தின் டாக்டரம்மா அதை இவர் பொறுப்பில் விட்டார்.

“ஐயா, உங்க முகம் அதுக்குத் தெரியக்கூடாது. குரலும் கேக்கக்கூடாது. மனுஷங்க மேல பயம் போயிட்டா, வெளியில விட்டதும் யார்கிட்டயாவது போய் நிக்கும். அப்புறம் அது பொழைக்காது.”

பழைய சாம்பல் நிறப் போர்வையை வெட்டி, தலையிலிருந்து கால்வரை மறைக்கிற மாதிரி ஓர் அங்கி தைத்துக் கொடுத்தேன். கைக்கு, நாரையின் தலையும் அலகும் போல ஓர் உறை.

“என்னண்ணே, புதுப்பொண்ணு மாதிரி முக்காடு? மாப்பிள்ளை உள்ள இருக்காரா?” என்று வாட்ச்மேன் கேலி செய்தார்.

“உள்ள இருக்கறது என் புள்ள. வாயை மூடு, தூங்குது.”

எங்களுக்குக் குழந்தை இல்லை. ‘என் புள்ள’ என்று அவர் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அந்தக் கூண்டுக்கு அவர் மட்டும்தான் போவார். உள்ளே ஒரு வார்த்தை பேசமாட்டார். தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்துவிடுவார்.

குஞ்சு வளர்ந்து பறக்கத் தொடங்கியது. காலில் காப்பகத்தின் வளையத்தை மாட்டி, மற்ற நாரைகள் இறங்கும் ஏரிக்கரையில் விட்டோம். திரும்பிப் பார்க்காமல் போனது. “பாத்தியா, நம்மள யாருன்னே தெரியல அதுக்கு” என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவரை அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்த மாதம், ஏரியில் வலை போடுகிறவர் ஒருவர் அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். கழுத்து வெளியே தொங்கியது.

“வளையத்தைப் பாத்து உங்க பறவைன்னு தெரிஞ்சுகிட்டேன். நான் ஒண்ணும் பண்ணலீங்க. சளி பிடிச்சிருந்தது, கரையில நின்னு செருமினேன். தூரத்துல நின்ன பறவை வாயைத் திறந்துகிட்டு நேரா என்கிட்ட ஓடி வந்துச்சு. பக்கத்துல என் நாய் இருந்துச்சுங்க. நான் கத்தறதுக்குள்ள...”

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. “எல்லாம் சரியாத்தானே செஞ்சோம்?” என்று கேட்டபடி இறக்கையை விரித்துப் பார்த்தார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“கூண்டுக் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, “தினமும் செருமியிருக்கேன்மா. செருமல் கேட்டா சாப்பாடுன்னு நான்தான் அதுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன்” என்றார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. வலைக்காரர்தான், “நாயைக் கட்டிப் போட்டிருக்கணும் நான்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கூண்டுச் சாவியை ஆணியில் மாட்டினார். அதன்பிறகு காப்பகத்துக்குப் போகவில்லை.

“குழாய் வேலை நிறைய கிடக்கு, அதையாவது வந்து பாருங்க ஐயா” என்று டாக்டரம்மா வீடு தேடி வந்து கூப்பிட்டார். “முதுகு முடியலம்மா” என்றார். அன்று காலையில்தான் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி வைத்திருந்தார்.

அடுத்த மழைக்குப் புதுக் குஞ்சுகள் வந்தபோது, “நீங்கதான் பேசவே மாட்டீங்களேம்மா, நீங்க பாத்துக்கறீங்களா?” என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை.

இப்போது மூன்று நாரைக்குஞ்சுகளுக்கு நான் உணவு கொடுக்கிறேன். அவர் காப்பகத்தின் கேட் வரை என்னுடன் வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். குஞ்சுகளைப் பற்றி அவர் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.