கடலைப் பொட்டலத்தில் வந்த இடுப்பளவு

தொண்ணூறுகளின் நடுவில், ஓசூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனி தன் பழைய கம்ப்யூட்டர்களை ஊழியர்களிடமே தள்ளிவிட்டது. ஒன்றை பிரிண்டரோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் நான் பூட்டி வைத்த முதல் ரகசியம் எங்கள் தெருப் பெண்களின் ஜாக்கெட் அளவு.

பக்கத்து வீட்டு அக்கா தையல்காரர். அவர் கணவர், எங்களுக்கெல்லாம் பாய், பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருந்தார். ஆனாலும் வீடு ஓடியது தையலில்தான். எல்லாருடைய அளவும் ஒரு நோட்டில் இருக்கும், நோட்டு மெஷின் மேலேயே கிடக்கும். துணி வாங்க வந்து காத்திருக்கிறவர்கள் கை சும்மா இருக்குமா? யாருக்கு எத்தனை அங்குலம் என்பது குழாயடிவரை போய், பெரிய சண்டையாகி, இரண்டு பேர் வெட்டாத துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

"இன்னொருக்கா இப்டி ஆச்சுன்னா ஒருத்தியும் எங்கிட்ட அளவு குடுக்க மாட்டா புள்ள" என்று அக்கா கண்கலங்கினார். நோட்டை நான் வாங்கிவந்தேன்.

நான் ஒன்றைச் செய்தால் ஆர்ப்பாட்டமாகத்தான் செய்வேன். பெயருக்குப் பதில் 'டீச்சர்', 'சூப்பர்வைசர் வீடு' என்று அடித்து ஏற்றி, பாஸ்வேர்டு போட்டேன். கம்ப்யூட்டரைப் பூட்ட ஒரு குட்டிச் சாவி உண்டு; அதைத் தாலிக்கொடியில் ஊக்கோடு கோத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கார் ரேஸ் விளையாட வரும் என் கணவரின் ஷிப்ட் நண்பர்கள் கெஞ்சினாலும் நான் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் திறப்பேன். "ரிசர்வ் பேங்க் மேனேஜர்" என்று கணவர் கிண்டல் செய்தார். எனக்கு அதுவும் பெருமையாகவே இருந்தது.

பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது மேசைக்கடியில் கிடந்த காகிதத்தையெல்லாம் செய்தித்தாளோடு கட்டி எடைக்குப் போட்டேன். நான்கு நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்கினேன். காகிதத்தின் ஓரத்தில், அந்தக் காலத்துப் பிரிண்டர் தாளில் இருப்பதுபோல, வரிசையாக ஓட்டை. பிரித்தால், உப்புக்கு நடுவே என் பிரிண்டரின் மங்கிய எழுத்து: டீச்சர், இடுப்பு நாற்பது. அக்காவோடு உட்கார்ந்து சரிபார்க்க நான் அச்சடித்த தாள்கள்! பெட்டிக்குப் பூட்டுப் போட்ட புத்திசாலி, பட்டியலைத் தெருவில் விட்டிருந்தேன்.

"இந்தக் காகிதம் இன்னும் இருக்குதாங்க? எல்லாம் எனக்கு வேணும்."

"காகிதத்தக் குடுத்துட்டுக் கல்லக்காய எதுல மடிக்கறது?" என்றார் கடலைக்காரர். பையிலிருந்த வாரப் பத்திரிகையைக் கொடுத்து அந்தக் காகிதக் கட்டை வாங்கினேன். மடித்து வைத்திருந்த பதினேழு பொட்டலத்தையும் வாங்கினேன். "ஊட்ல விசேசமாம்மா?" என்றார். ராயக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் கடலை தின்றுகொண்டிருந்தவரிடம் போய், "சார், முடிச்சிட்டீங்கன்னா அந்தக் காகிதம்..." என்று நின்றேன். அவர் பாவப்பட்டு மிச்சக் கடலையோடு கொடுத்தார்.

வீட்டில் அடுக்கிப் பார்த்தால் இரண்டு துண்டு குறைந்தது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த இரண்டும் யார் கையில் இருக்கிறதோ, மறைப்பதில் அர்த்தமில்லை. போய்ச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. காகிதங்களை வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டார்.

"நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார்.

மூன்று நாள் அவர் என் பக்கமே வரவில்லை. சுவருக்கு அப்பால் மெஷின் ஓடும் சத்தமும் குறைந்திருந்தது. அவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார்.

"ஊடு ஊடாப் போயி நடந்ததச் சொல்லிட்டேன். டீச்சர் கத்துனாங்க. மத்தவங்க சிரிச்சாங்க. இனிமே அளவு பத்திரமா இருக்குமான்னு எல்லாரும் கேட்டாங்க. இத ஏத்து. காகிதத்துல மட்டும் அடிச்சுடாத."

"யாருதுக்கா?"

"என்னுது. என் அளவும் அந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்குதுன்னு சொன்னாத்தான நம்புவாங்க?"

தாலிக்கொடியிலிருந்த சாவியால் பெட்டியைத் திறந்தேன். அக்கா பக்கத்தில் நின்று, நான் அடித்த ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்தார்.