நாலு வயதுச் சண்முகவடிவு

சண்முகவடிவு இரண்டு தடவை பிறந்தவள். முதல் தடவை, பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில், ஐம்பது வருடங்களுக்கு முன்னால். இரண்டாம் தடவை, கொரோனா ஓய்ந்த கையோடு, கடைத்தெருவில் ரிஸ்வியின் போன் கடையில். முதல் பிறப்பை அரசாங்கம் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவதைத்தான் இமை கொட்டாமல் காவல் காத்தது.

நடந்தது இவ்வளவுதான். புதுப் போன் வாங்கியவளுக்கு ரிஸ்வி ஒரு அரட்டைச் செயலியில் கணக்குத் திறந்து கொடுத்தார். செயலி பிறந்த தேதி கேட்டது. கடையிலோ கூட்டம். திரையில் அன்றைய தேதி தானாகவே வந்து நின்றது. ரிஸ்வி 'சரி' என்று அமுக்கிவிட்டார். அன்று பிறந்த சிசுவுக்கும் கணக்குக் கொடுக்கும் பெருந்தன்மை அப்போது அந்தச் செயலிக்கு இருந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் பாதிப்பேர் அப்படி ரிஸ்வியின் கையால் மறுபிறவி எடுத்தவர்கள்.

மகள் தனுஜாவுக்குப் பதினைந்து வயது. அதே போனில் அவள் தனக்கொரு கணக்குத் திறந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரையும் போல, வாயில் வந்த பழைய வருடமொன்றைப் போட்டாள். ஆக ஒரே போனுக்குள் தாய் கைக்குழந்தையாகவும் மகள் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணியாகவும் சண்டை சச்சரவின்றி வாழ்ந்தார்கள்.

அப்புறம்தான் இளையோரைக் காப்பாற்ற அரசாங்கம் புறப்பட்டது. இணைய வயது மேற்பார்வைப் பிரிவு என்று ஒன்று நுவரெலியாவில் திறக்கப்பட்டது. திறந்த மறுவாரமே தோட்டத்துத் தாய்மார்களின் கணக்குகள் பூட்டப்பட்டன. பிள்ளைகளின் கணக்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள்தான் பெரியவர்களாயிற்றே.

அந்த நாட்களில்தான் தனுஜாவுக்கு ஒருவன் எழுதத் தொடங்கினான். பெயர் பொய், படம் பொய். பெயருக்குப் பக்கத்தில் 'வயது உறுதிசெய்யப்பட்டது' என்ற பச்சைப் புள்ளி மட்டும் அசல். முதலில் நலம் விசாரித்தான். பிறகு படம் கேட்டான். கொடுக்காவிட்டால் பாடசாலை விளையாட்டுப் போட்டிப் படத்திலிருந்து அவள் முகத்தை வெட்டி, அசிங்கமான உடம்பொன்றில் ஒட்டி, தோட்டம் முழுக்க அனுப்புவேன் என்றான். தனுஜா வயிற்றுவலி என்று படுத்தாள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. ஒருநாள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் தாயிடம் சொன்னாள்.

சண்முகவடிவு மட்டும் பொலிசுக்குப் போனாள். "இது இன்டர்நெட் விசயம், நுவரெலியாவுக்குப் போங்க" என்றார்கள். போனாள்.

அங்கே கஜேந்திரன் என்ற அதிகாரி மிகுந்த மரியாதையோடு உட்காரச் சொன்னார்.

"முறைப்பாட்டைப் பாதுகாவலரோட கணக்குல இருந்துதான் அனுப்பணும்மா."

"நான்தாங்க ஐயா அவ அம்மா."

கஜேந்திரன் கணினியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். யோசித்து, கணினியையே நம்பினார். "உங்களுக்கு நாலு வயசுன்னு இருக்கே."

"நாலு வயசுக்காரிக்குப் பதினஞ்சு வயசுல மக இருக்குமாங்க? இந்தாங்க, ஐடியைப் பாருங்க!"

"ஐடி சரிதான். ஆனா சிறுவர் கணக்கைத் திருத்தணும்னா அந்தப் பிள்ளையோட அம்மாவோ அப்பாவோ வரணும்."

"எங்கம்மா செத்து வருசக்கணக்காச்சு ஐயா! தோண்டியா கூட்டிட்டு வர?"

"கோவப்படாதீங்க. வயசு வந்த வேற ஆள் இருந்தாலும் சரி... இதோ, இதே போன்ல இருக்காங்களே, தனுஜான்னு, நாப்பத்தஞ்சு வயசு. அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

இப்படியாகத் தனுஜா தன் தாய்க்குச் சட்டபூர்வப் பாதுகாவலர் ஆனாள். முறைப்பாட்டையும் அவளே அனுப்பினாள். பதில் வந்தது: முறைப்பாட்டாளர் வயது வந்தவர்; வயது வந்த இருவரின் தனிப்பட்ட உரையாடலில் பிரிவு தலையிடாது.

சண்முகவடிவு போனில் கஜேந்திரனைப் பிடித்தாள். "அந்த நாசமாப் போறவன் யாருன்னாவது சொல்லுங்க!"

"அவர் வயசு வந்தவரும்மா. அதுல ஒரு சந்தேகமும் இல்ல. நல்லாப் பரிசோதிச்சிட்டோம்."

"அவன் வயசை வச்சு நான் என்னங்க செய்ய? அவனுக்குப் பொண்ணு பாக்கவா போறேன்?"

பேர் சொல்வது விதிக்குப் புறம்பாம். ஆனால் முறைப்பாட்டின் பிரதியை அவனுக்கு அனுப்புவது விதிப்படியாம், அனுப்பிவிட்டார்கள். அது கிடைத்த சந்தோசத்தில் அவன் முதல் தடவையாகக் குரல் பதிவொன்றை அனுப்பினான். "கம்ப்ளேன் குடுத்தியாமே? அரசாங்கமே நான் நல்லவன்னு சொல்லிருச்சு. படத்தை அனுப்புடி."

சண்முகவடிவு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். எங்கேயோ கேட்ட குரல். அந்தக் கடைசி எழுத்தை இழுக்கிற இழுப்பு. மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, யாருக்கு வந்தது என்று சொல்லாமல், பெண்கள் நடுவே அதை ஓடவிட்டாள். முடியுமுன்னே காளியாயி தலைத்துண்டை உதறினாள்.

"அடியே, இது மீன்காரப் பய இல்ல? சனிக்கிழமையானா வேன்ல வந்து 'சாலயா, பலயா, கருவாடேய்'னு கத்துவானே!"

"அவனேதான்" என்றது பெரட்டு முழுவதும். ஒலிபெருக்கியில் வாராவாரம் கேட்கிற குரலை உறுதிசெய்ய அவர்களுக்குப் பச்சைப் புள்ளி தேவைப்படவில்லை. தனுஜாவை 'தங்கச்சி' என்று கூப்பிட்டு மீன் நிறுத்துக் கொடுக்கிறவன்.

சனிக்கிழமை வேன் லயத்து வளைவில் நின்றதும் முன்னும் பின்னும் பெண்கள் நின்றார்கள். கூடவே ரிஸ்வியும் கையில் ஒரு வயரோடு வந்திருந்தார்.

"தேதியில பிழை விட்டது நான்தானே வடிவக்கா. இந்த வயரையாவது சரியா மாட்டித் தாறேன்" என்று போனை வேனின் ஒலிபெருக்கியோடு இணைத்தார்.

சண்முகவடிவு பொத்தானில் விரலை வைத்துவிட்டுத் தயங்கினாள். ஊருக்கே தெரிந்துவிடுமே. அந்தக் கையை விலக்கியது தனுஜா. வயிற்றுவலிக்காரி எப்போது எழுந்து வந்தாளோ.

"தள்ளுங்கம்மா. நானே அமுக்குறேன்."

மீன் கூவிய ஒலிபெருக்கியில் மீன்காரனின் அரசாங்கச் சான்று பெற்ற குரல் மலையெல்லாம் எதிரொலித்தது. மேல் லயம், கீழ் லயம், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் வீடு வரை. அவன் வேனுக்குள் மீன்பெட்டிகளுக்கு நடுவே குந்திக்கொண்டான். கூட்டம் கலையாததால் பொலிஸ் வந்தது. இன்டர்நெட் விசயம் என்று இந்தத் தடவை அவர்களால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அது வேன். ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பிரிவும் சும்மா இருக்கவில்லை. கடிதம் வந்தது. நான்கு வயதுச் சிறுமி சண்முகவடிவு பொது இடத்தில் பொருத்தமற்ற ஒலிப்பதிவைக் கேட்க நேர்ந்ததற்குப் பாதுகாவலர் தனுஜா எழுத்தில் விளக்கம் தரவேண்டுமாம்.

திங்கட்கிழமை காலை, பாடசாலைச் சீருடையில் வாசற்படியில் உட்கார்ந்து தனுஜா அதைச் சத்தமாக வாசித்தாள். பின்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்த சண்முகவடிவுக்கு ஆத்திரத்தில் பின்னல் இறுகியது.

"ஆ, வலிக்குதும்மா!"

"என்னத்தடி எழுதப் போற அந்த மகராசனுக்கு?"

"'பிள்ளை சொல்பேச்சுக் கேக்குறதில்ல, அடங்காப்பிடாரி'ன்னு எழுதப்போறேன்" என்று ரிப்பனை வாங்கிக் கட்டிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, பஸ்ஸைப் பிடிக்க இறங்கி ஓடினாள் பாதுகாவலர்.