மூடியில் பச்சைப் பொட்டு

மையத்தில் அவளுக்கு வைத்த பெயர் மைக். முகத்துக்கு நேரே மைக் அக்கா, அவள் நகர்ந்த பிறகு வெறும் மைக். குற்றம் அவளுடையதல்ல. கட்டிக்கொண்டவர் வெல்டிங் பட்டறைக்காரர். இரும்போடு இரும்பாக வாழ்ந்ததில் அவருக்கு இரண்டு காதும் பாதி போய்விட்டது. உப்பு போதுமா என்று அவரிடம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் "போதும்மா" என்று பதில் சொல்லும் அளவுக்குக் கத்த வேண்டும். வருஷக்கணக்காக அப்படிக் கத்தியவளுக்குக் கிசுகிசுப்பது எப்படி என்பதே மறந்துபோயிற்று.

அப்படிப்பட்டவளைப் பிடித்து, ஊரிலேயே அதிகமாகக் கிசுகிசுக்க வேண்டிய வேலையில் உட்கார வைத்தார்கள். எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் களப்பணி. மாத்திரையை நிறுத்தியவர்களைத் தேடிப் போக வேண்டும், கர்ப்பிணிகளைத் தவறாமல் வரவழைக்க வேண்டும், பிறந்த குழந்தைகளுக்கு மருந்து போகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாமே காதும் காதும் வைத்த மாதிரி நடக்க வேண்டும். ஒருவர் விஷயத்தை அவர் சம்மதம் இல்லாமல் அவர் வீட்டாரிடம்கூட மூச்சு விடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சத்தியம் வாங்கிவிட்டார்கள்.

சத்தியத்தை அவள் மீறியதில்லை. அதற்குக் கிடைத்த சம்பளம் வயிற்றெரிச்சல்தான். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் கொட்டலாம் என்றால் தெருவே கூடிவிடும். ஆகவே கோபத்தையெல்லாம் பாத்திரங்களிடம் காட்டுவாள். சமையலறையில் எழும் சத்தத்தை வைத்தே அவள் மகள், "இன்னைக்கு யாரோ மாத்திரை போடல போல" என்று சரியாகச் சொல்லிவிடுவாள்.

மையத்துக்கு வருகிறவர்கள் மறைப்பதில் காட்டும் மூளையில் பாதியை மருந்து சாப்பிடுவதில் காட்டியிருந்தால் மைக் என்றைக்கோ நிம்மதியாக இருந்திருப்பாள். குலுங்கினால் சத்தம் வரும் என்று புட்டிக்குள் பஞ்சை அடைப்பார்கள். வாசல் தாண்டுவதற்குள் லேபிளைக் கிழித்துவிடுவார்கள். மிச்ச மாத்திரையைப் பார்க்க வேண்டும், புட்டியைக் கொண்டு வா என்றால், எந்தப் புட்டி எங்கே வாங்கியது என்று அவர்களுக்கே தெரியாது. மருந்தாளுநர் பார்த்தார். அவருடைய மகள் பிடிக்கவில்லை என்று ஒதுக்கிய பச்சை நகப்பூச்சைக் கொண்டுவந்து, கொடுக்கிற புட்டி ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு பொட்டு வைக்க ஆரம்பித்தார். "லேபிளைக் கிழிப்பாங்க, மூடியைக் கிழிப்பாங்களா?" என்று அவருக்கு ஒரே பெருமை. வேறெந்தக் கடையிலும் அப்படியொரு பொட்டு கிடையாது.

மைக்கின் உயிரை அதிகம் வாங்கியவள் குட்டி. பிறக்கும்போதே நோயோடு பிறந்து, அம்மாவைப் பறிகொடுத்து, பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள். சீருடையோடும் சிடுசிடுப்போடும் மையத்துக்கு வந்து நிற்பாள். பதினாறு வயதில் ஒருநாள், "நான் நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டாள். பெரியம்மா கையால் கொடுக்கிற மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி, மாடியில் பூந்தொட்டியில் துப்பியிருக்கிறாள். உடம்பு இளைத்து, காய்ச்சலில் விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மைக் அவளைப் பள்ளி வாசலில் பிடித்தாள், பேருந்து நிறுத்தத்தில் பிடித்தாள். தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினாள். கடைசியில் குட்டி சுற்றுமுற்றும் பார்த்து, "அக்கா, சத்தியமா போடறேன், கத்தாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அறிவுரையால் வராத புத்தி அந்தக் குரலுக்குப் பயந்து வந்தது.

அப்புறம் தேறிவிட்டாள். எழுதுபொருள் கடையில் பில் போடும் வேலை. அந்தக் கடைக்குச் சரக்கு இறக்கும் வேன் ஓட்டுநருக்கு அவளைப் பிடித்துப்போனது. குட்டி தன் நோயை முதலிலேயே சொல்லிவிட்டாள். அவன் மையத்துக்கு வந்து மருத்துவரைக் கேள்வியாகக் குடைந்துவிட்டு, மாத்திரை ஒழுங்காகப் போனால் தனக்கும் வராது, பிள்ளைக்கும் வராமல் காக்கலாம் என்று தெரிந்துகொண்டு, சரி என்றான். ஒரே ஒரு நிபந்தனை. "அம்மாகிட்ட மட்டும் வேணாங்க. அம்மா மனசு தாங்காது."

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் திங்கட்கிழமை, மையத்துக்கு நெடுநாளாக வந்துபோகும் ஒரு அம்மா மைக்கிடம் பத்திரிகை கொடுத்தார். தங்கும் விடுதியில் அறை சுத்தம் பார்க்கும் மேற்பார்வையாளர். செத்துப்போன புருஷன் விட்டுப்போன சொத்து இந்த நோய் ஒன்றுதான் என்பார். "பையனுக்குக் கல்யாணம்மா. அவனுக்கு என் விஷயம் தெரியாது, வர்ற மருமகளுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிப்பாளா?" வியாழக்கிழமை குட்டி வந்து ஒரு பத்திரிகை கொடுத்தாள். இரண்டும் ஒரே பத்திரிகை.

அன்றைக்கு மைக் வீட்டில் ஒரு குக்கரின் கைப்பிடி உடைந்தது.

அதிலிருந்து மாமியாருக்குத் திங்கள், மருமகளுக்கு வியாழன் என்று மாறாமல் பார்த்துக்கொள்வதே மைக்குக்குத் தனி வேலையாகிவிட்டது. மாமியார் ஒருமுறை வியாழக்கிழமை வந்து நின்றபோது, மருந்து தீர்ந்துவிட்டது, திங்கள் வாருங்கள் என்று வாய் கூசாமல் புளுகித் திருப்பி அனுப்பினாள். உள்ளே மருந்தாளுநர், "எங்கே தீர்ந்தது? நிறைய இருக்கே!" என்று கூவினார். அவரை அவள் பார்த்த பார்வையில் மனிதர் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டார்.

குட்டி கர்ப்பமானாள். மாமியார் நல்லவர், அதுதான் தொந்தரவு. மருமகளை நிழல் மாதிரி சுற்றி வந்தார். தனியாக ஒரு நிமிஷம் கிடைக்காமல் கடைசி மாதங்களில் குட்டி பல வேளை மாத்திரையை விட்டுவிட்டாள். பிரசவத்துக்கு முன் எடுத்த சோதனையில் ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மருத்துவர் குட்டியிடம் கண்டிப்பாகச் சொன்னார். "உன் மாத்திரையும் தவறக் கூடாது, பாப்பாவோட மருந்தும் தவறக் கூடாது. தினமும் இந்த மருந்து போகணும். ஒரு நாள்கூட விடாதே. அதை விட்டா பாப்பாவுக்கு வர்றதைத் தடுக்க நம்ம கையில வேற எதுவும் இல்ல."

குட்டி தலையை ஆட்டினாள். அவள் எப்போதும் நன்றாகத் தலையை ஆட்டுவாள்.

குழந்தைக்கு ஒரு மாதம் நெருங்கும்போது மைக் வீட்டுக்கே பார்க்கப் போனாள். கதவைத் திறந்தவர் மாமியார். மைக்கைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஆனால் குரல் மட்டும் கெட்டியாக வந்தது.

"யாரும்மா நீ? யார் வேணும்?"

பின்னாலிருந்து குழந்தையோடு குட்டி ஓடிவந்தாள். "அது வந்து, தடுப்பூசி அக்கா, அத்தை. இன்னைக்குத்தான் முதல் தடவை வர்றாங்க. வணக்கம்மா."

தன்னைப் பூந்தொட்டிக் காலத்திலிருந்து தெரிந்தவளும், பல வருஷமாக மையத்தில் தன்னோடு பேசியவரும் எதிரே நின்று தன்னைத் தெரியாதது போல நடிக்க, மைக் இருவருக்கும் புதிதாகக் கும்பிடு போட்டாள். மாமியார், தண்ணீர் தருகிறேன் என்று அவளை அடுக்களைக்குள் இழுத்துப் போனார்.

"வீட்டுக்கு வராதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? மருமக இருக்கா. என் மானத்தை வாங்கவா வந்தே?"

உங்களுக்காக யார் வந்தது என்று நாக்கு நுனி வரை வந்தது. மைக் தண்ணீரைக் குடித்து அதை உள்ளே தள்ளினாள்.

கூடத்தில் குட்டியிடம், "மருந்து குடுக்கிறதைக் காட்டு" என்றாள், அவளுக்குத் தெரிந்த மட்டும் மெதுவாக. குட்டி கட்டில் தலைமாட்டிலிருந்து ஒரு கிரைப் வாட்டர் புட்டியை எடுத்தாள். அத்தைக்குச் சந்தேகம் வராமலிருக்க, மருந்தை அதில் ஊற்றி வைத்திருக்கிறாளாம். மைக் பெருமூச்சு விட்டாள். குட்டி அளவுக் குழாயில் உறிஞ்சினாள். அந்த மருந்து நீர்த்த பால் போல வெள்ளையாக இருக்கும். குழாயில் வந்தது வெறும் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. மைக் புட்டியைப் பிடுங்கி முகர்ந்தாள். கிரைப் வாட்டர் வாசனையேதான்.

"என்னடி இது?"

"நாலஞ்சு நாளா இப்படித்தான் இருக்குக்கா. அடியில தங்கி மேல தெளிஞ்சுடுச்சுன்னு நினைச்சேன்."

அதற்குள் அடுக்களையிலிருந்து மாமியார் பெருமையோடு வந்தார். "அந்தப் பாட்டிலா? கிரைப் வாட்டர் கெட்டுப்போய் வெள்ளையா நுரைச்சுக் கிடந்துச்சு. இதையா பிள்ளைக்கு ஊத்துறான்னு எனக்குப் பதறிப்போச்சு. எல்லாத்தையும் கொட்டி, கொதிக்கிற தண்ணியில கழுவி, புதுசு வாங்கி ஊத்தி வச்சேன். விடுதியில நான் பார்க்காத சுத்தமா?"

குட்டி குழந்தையை இறுக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தி ஒளித்தாள், ஒருத்தி சுத்தம் செய்தாள், நடுவில் கையளவு உயிர் ஒன்று மருந்தில்லாமல் கிடந்தது. இரண்டு பேரையும் ஒரே பிடியாகப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது மைக்குக்கு. வாசலுக்குப் போய் மருத்துவரைப் போனில் அழைத்தாள். இந்த நிமிஷமே திரும்ப ஆரம்பியுங்கள், நாளைக்கே குழந்தையைக் கொண்டுவாருங்கள் என்றார் அவர்.

"வீட்டுல இன்னொரு பாட்டில் இருக்கா?" என்று உள்ளே வந்து கேட்டாள்.

குட்டி மாமியாரைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்துவிட்டு எழுந்தாள். பீரோவில் புடவை மடிப்புக்குள்ளிருந்து லேபிள் இல்லாத புட்டி ஒன்று வந்தது.

"அத்தை, நீங்க கொட்டினது இந்த மருந்துதான். இது பாப்பாவுக்கு... சத்து மருந்து."

"சத்து மருந்தை எதுக்குடி புடவைக்குள்ள வைக்கிறே?" மாமியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புட்டியை வாங்கினார். காலாவதித் தேதி பார்க்காமல் எதையும் அவர் விட்டதில்லை. பக்கவாட்டில் ஒன்றுமில்லை. அடியைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். பச்சைப் பொட்டு.

மாமியாரின் கை அப்படியே நின்றது. மைக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சத்தியத்தைக் காப்பாற்ற அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

மாமியார் உள்ளே போனார். துடைப்பம் வைக்கும் அலமாரியில் எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர், லேபிள் இல்லாத மாத்திரைப் புட்டி ஒன்றை மேஜை மேல், அந்த மருந்துப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு மூடியிலும் ஒரே பச்சை.

குட்டி ஒரு மூடியிலிருந்து இன்னொரு மூடிக்குப் பார்த்தாள். புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் உடைந்து அழுதாள். "அத்தை... நீங்களுமா?"

"அழறதை அப்புறம் வச்சுக்கலாம்" என்றார் மாமியார். "எவ்வளவு குடுக்கணும்? குழாயை இப்படிக் குடு." குழந்தையை மடியில் போட்டு, கன்னத்தோரமாக மருந்தை ஊற்றி, கடைசிச் சொட்டு இறங்கும்வரை பார்த்திருந்தார். அதன் பிறகு மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் மைக் பக்கம் திரும்பினார்கள்.

"அப்ப உனக்கு எல்லாம் தெரியும்?" என்றார் மாமியார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா!" என்றாள் குட்டி. "பாப்பாவுக்கு மருந்தாவது தவறாம போயிருக்கும்."

"கல்லு மாதிரி நின்னு என்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சியேம்மா!"

மைக் வாயைத் திறந்தாள். ஆயுளில் முதல் தடவையாக அவளுக்குக் குரல் எழும்பவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே குழந்தையோடு வந்தார்கள். அதன் பிறகு திங்களும் வியாழனும் ஒன்றாகிவிட்டன. பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியைச் சரியாக மூடாதது யார் என்று சண்டை போட்டார்கள். மாத்திரை நேரத்தில் ஒருவருக்கொருவர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார்களாம். வேன் ஓட்டுநர் மகனிடம் மாமியாரே சொல்லிவிட்டார். அவன் மனதும் தாங்கிவிட்டது. ஆனால் விட்டுப்போன அந்த நாலைந்து நாள் மட்டும் மைக்கின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தபோது அந்தச் சின்னப் பாதத்தை மாமியார்தான் பிடித்துக்கொண்டார். முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. அவ்வளவு நாளும் பட்டறைக்காரருக்குக்கூடப் பாத்திரச் சத்தம் கேட்டது.

முடிவு வந்த அன்று மருத்துவர் அறைக்குள் குட்டியும் மைக்கும் போனார்கள். மாமியார் குழந்தையோடு வெளியே பெஞ்சிலேயே இருந்துவிட்டார். மருத்துவர், இதுவரை கிருமி இல்லை என்றார். பால் குடிக்கிற காலம் முழுக்க இடையிடையே சோதிக்க வேண்டும், அம்மா மாத்திரையை விடக் கூடாது என்றார். குட்டி சுவரோடு சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். சொல்கிற வேலை மைக்கின் தலையில் விழுந்தது.

வெளியே வந்த மைக்கின் முகத்தைப் பார்க்க மாமியாருக்குத் தைரியம் வரவில்லை. குழந்தையைப் பார்த்தபடியே கேட்டார்.

"சொல்லும்மா. இவளுக்கும் பச்சைப் பொட்டுதானா?"

"கிடையாது!" என்றாள் மைக்.

நடைக்கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மருந்தாளுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மெதுவாம்மா, மெதுவா" என்று பதறினார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து விழுங்கியதெல்லாம் அவளுக்குத் தொண்டையில் வந்து நின்றது. அவர் பக்கம் திரும்பி, இன்னும் சத்தமாக, "கிடையாதுன்னு சொல்றேன்ல!" என்றாள்.